ஓசிக் கரண்டில் மிச்சம் பிடித்தது

எங்கள் தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் பில் வராது. விவசாய சர்வீஸ், இலவசம். மீட்டரே மாட்டவில்லை, நாள் பூராவும் ஓடவிட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. இப்படி ஓசியில் வருகிற கரண்டைத்தான் என் வீட்டுக்காரர் மிச்சம் பிடிக்கக் கிளம்பினார். ஏழு மாதம், ஒரு ஞாயிறு விடாமல்.

அதியமான்கோட்டையில் ஹைவேயை விட்டு உள்ளே இரண்டு கிலோமீட்டர் வந்தால் எங்கள் தோட்டம். அவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், பதினான்கு வருடம், பெர்மனன்ட். இந்தக் கடைசி வார்த்தையை எங்கள் பக்கத்துக் கல்யாணத் தரகர்கள் சொல்லிக் கேட்க வேண்டும்; கோயிலில் பூசை நேரத்தில்கூட அவ்வளவு பக்தியைப் பார்க்க முடியாது. திங்கட்கிழமை காலை போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு திரும்புவார். நானும் அவரும் ஒரே பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவர்கள், அதுவும் ஒரே வகுப்பு. மார்க் எனக்குத்தான் கூட. அதனால் அவருக்குக் கம்பெனியில் பேனல் போர்டு கிடைத்தது, எனக்கு வீட்டில் ஒரு மாடும் ஒன்றரை ஏக்கர் தக்காளியும் ஒரு மாமனாரும்.

எல்லாம் ஒரு வீடியோவில் ஆரம்பித்தது. ஓசூர் ரூமில் சாயங்காலம் வேறு வேலை இல்லை, போனைப் பார்த்திருக்கிறார். எந்த நாட்டுக்காரரோ, தாடி வைத்தவர், ஒரு தகரக் கொட்டகையில் மோட்டாரை ஓட்டி அதிலிருந்து பல்பை எரியவிடுகிறார். மோட்டாரை ரெசனன்ஸில் ஓட்டினால் அது வாங்குகிற கரண்ட் குறைந்துவிடுமாம். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற கரண்டை ஒரு சர்க்யூட் போட்டு வெளியே எடுத்து மறுபடி வேலைக்கு விடலாமாம். பெரிய கம்பெனிகள் இதை மறைத்து வைத்திருக்கின்றனவாம். ஊரெல்லாம் மறைத்து வைத்த ரகசியம் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரூமில், ஓசி வைஃபையில், என் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிட்டது.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். டிப்ளமோவை வேறு எதற்குத்தான் பயன்படுத்துவது. மோட்டாருக்குள் போகிற கரண்டில் இரண்டு வகை. ஒன்று வேலை செய்கிறது. இன்னொன்று சும்மா போய்ப் போய்த் திரும்பி வருகிறது; இரும்பைக் காந்தமாக வைத்திருக்க அதுவும் வேண்டும். கரண்டைத் தேக்கி வைத்துத் திருப்பித் தருகிற கண்டன்சரைச் சரியான அளவில் போட்டால் இந்தச் சும்மா கரண்ட் மோட்டாருக்கும் கண்டன்சருக்கும் நடுவிலேயே ஊஞ்சலாடிக்கொண்டு கிடக்கும், லைனுக்கு வராது. இதுதான் ரெசனன்ஸ். லைனில் ஆம்பியர் குறைந்தது போலத் தெரியும். ஆனால் வேலை செய்கிற கரண்ட் முன்பு எவ்வளவு வந்ததோ அவ்வளவும் வந்துகொண்டுதான் இருக்கும். குறைந்தது வெட்டியாக நடந்துகொண்டிருந்தவன் மட்டும்தான்.

கண்டன்சர் எங்கள் ஊருக்குப் புதிதும் அல்ல. மூன்று ஃபேஸ் வராத நேரத்தில் இரண்டு ஃபேஸிலேயே கண்டன்சர் வைத்து மோட்டாரைத் தள்ளுகிற வித்தை இங்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். அதில் மோட்டார் எரியும், எரிந்ததைத் தூக்கிக்கொண்டு ரீவைண்டிங் கடைக்குப் போவோம். அப்படிப் பிழைக்கிறவர்களில் ஒருவர்தான் பொம்மிடிக்காரர். பொம்மிடியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். தண்ணீர் வற்றிப்போன பழைய கிணற்றில் கிடந்த மூன்று எச்.பி. மோட்டாரை என் வீட்டுக்காரர் அவரிடம்தான் காயில் கட்டக் கொடுத்தார். கட்டிக்கொண்டு வந்தவர் அப்படியே ஆராய்ச்சியில் பங்காளி ஆகிவிட்டார். நல்ல மனிதர், கைசுத்தமான வேலைக்காரர். ஒரே ஒரு குறை, யார் எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பார். என் வீட்டுக்காரருக்கு ஒரு விஞ்ஞானி தேவைப்படவில்லை. ஒரு "ஆமாங்க"தான் தேவைப்பட்டது.

ஞாயிறு காலை ஏழரைக்கு நானும் மாமனாரும் மாதா கோயிலுக்குப் பூசைக்குக் கிளம்புவோம். அவர் மோட்டார் ரூமுக்குக் கிளம்புவார். திரும்பி வரும்போது பொம்மிடிக்காரரின் டிவிஎஸ் வேப்ப மரத்தடியில் நிற்கும். உள்ளே இரண்டு பேரும் குனிந்துகொண்டு ஒரு கண்டன்சரைச் சேர்ப்பார்கள், டாங் டெஸ்டரைப் பார்ப்பார்கள், இன்னொன்றைச் சேர்ப்பார்கள். டாங் டெஸ்டர் என்பது இடுக்கி மாதிரி வாய் திறக்கிற கருவி. வயரைச் சுற்றிப் பிடித்தால் எத்தனை ஆம்பியர் என்று காட்டும். நாலில் இருந்து மூன்று, மூன்றில் இருந்து ஒன்றரை, கடைசியில் ஒன்றுக்கும் கீழே. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் உள்ளிருந்து குழந்தை பிறந்தது போலச் சத்தம் வரும்.

சும்மா சுற்றுகிற மோட்டார் அது. பம்பு இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு சுமையும் இல்லை. அது வேலை செய்யாமல் இருப்பதில் எவ்வளவு மிச்சம் ஆகிறது என்று ஏழு மாதம் அளந்தார்கள்.

ஒரு நாள் டீ கொண்டுபோனபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஆம்பியரை மட்டும் பார்த்தால் போதாது, அதில் வேலை செய்கிற பங்கு எவ்வளவு என்கிற பவர் ஃபேக்டர் பார்க்க வேண்டும், வாட்ஸ் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பாருங்கள், வீட்டு லைனில் மீட்டர் இருக்கிறதே, அங்கே கொண்டுவந்து ஓட்டுங்கள் என்றேன். வீட்டு லைன் சிங்கிள் ஃபேஸ், அங்கே இது ஓடாது என்று அவர் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பொம்மிடிக்காரரிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"இவ படிச்சதெல்லாம் பரீட்சைக்குங்க. கையில தொட்டுப் பாத்தாத்தான தெரியும்."

பொம்மிடிக்காரர் "ஆமாங்க" என்றார்.

டம்ளர்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். கத்துகிறவர்கள் பாக்கியவான்கள், அரை மணியில் ஆறிவிடுவார்கள். நான் உள்ளே போட்டு ஊறவைப்பேன். இனி அந்த மோட்டார் ரூமைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த முடிவைப் பெரிய கௌரவமாகவும் நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் பல்பு எரிந்தது. இருநூறு வாட்ஸ் குண்டு பல்பு மூன்று, சுவரில் வரிசையாக. மோட்டாரின் மூன்றாவது டெர்மினலில் இருந்து ஒரு வயரை எடுத்து, டையோடு, கண்டன்சர் என்று ஒரு பலகை நிறைய எதையெதையோ பொருத்தி, பல்புக்குக் கொடுத்திருந்தார். பல்பின் இன்னொரு முனையை எர்த் பைப்பில் கட்டிவிட்டார். இதில் அவர் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போயிருக்கும். எங்கள் பக்கத்து மோட்டார் ரூம்களில் லைட் எரிவதே அப்படித்தான். நியூட்ரல் வயர் இழுக்கச் சோம்பல். ஒரு பக்கம் ஃபேஸ், மறுபக்கம் தரையில் அடித்த பைப், வேலை முடிந்தது. அந்தப் பைப்பையும் மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் அடிப்போம். தொட்டித் தண்ணீர் வழிந்து மண் எப்போதும் ஈரமாக இருக்கும், எர்த் நன்றாகப் பிடிக்கும். தாத்தா காலத்தில் யாரோ செய்தது, இன்னும் எல்லோரும் செய்கிறோம்.

பல்பு எரிந்தது, சரி. டாங் டெஸ்டரில் ஆம்பியர் ஏறவில்லை. அதுதான் அதிசயம். பல்பைப் போட்டாலும் ஒன்றுக்குக் கீழே, அணைத்தாலும் ஒன்றுக்குக் கீழே. அப்படியானால் அறுநூறு வாட்ஸ் எங்கிருந்து வருகிறது? ஊஞ்சலாடுகிற கரண்டிலிருந்து. மீட்டெடுத்த கரண்ட். இந்த மாதிரி ஆராய்ச்சிக்காரர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் போட்டோ போட்டார். காயில் படத்தோடு காலை வணக்கம் சொல்கிற அந்தக் குழுவில் இருநூறு பேர் கை தட்டினார்கள். என் டீக்கு இதுவரை ஒரு கைகூடத் தட்டாத மனிதர் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நல்லா எரியுதுங்க என்றேன். பல்பு நன்றாகத்தான் எரிந்தது.

அவர் முகம் எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். பதினான்கு வருடமாக அவரைச் சனிக்கிழமை சாயங்காலத்துக் களைப்போடுதான் பார்த்திருக்கிறேன். அந்த ஞாயிறு கல்லூரியில் பார்த்த பையன் மாதிரி இருந்தார். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஆரம்பித்தது வேலையை விடுகிற பேச்சு. முதலில் விளையாட்டாகச் சொன்னார். அப்புறம் கணக்காகச் சொன்னார். கம்பெனியில் இன்னும் எத்தனை வருடம் அடுத்தவன் மோட்டாருக்குக் கிரீஸ் வைப்பது, இதையே முழு நேரமாகச் செய்தால் ஒரு வருடத்தில் எங்கேயோ போய்விடலாம் என்றார். மாமனார் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார். இந்தத் தோட்டத்தை நம்பி வாழ முடியாது என்றுதான் மகனைப் படிக்க வைத்தவர் அவர். மழை ஏமாற்றினால் தக்காளியும் ஏமாற்றும்; எங்கள் வீட்டில் மாதம் தவறாமல் வருவது அந்தச் சம்பளம் ஒன்றுதான். எங்கள் பொண்ணு ஹாஸ்டலில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.  கடைசியில் ஒரு சமாதானம் ஆயிற்று. சேலத்தில் மோட்டார் தயாரிக்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிற இரண்டு பேர், அந்த வாட்ஸப் குழுவில் இருப்பவர்கள், நேரில் வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் பார்த்துச் சரி என்று சொல்கிறவரைக்கும் ராஜினாமா லெட்டர் கொடுப்பதில்லை என்று அப்பாவிடம் சொன்னார். நான் அதை நம்பினேன்.

இதற்கு நடுவில் மாடு தண்ணீர் குடிக்க மறுத்தது.

ஜெர்சி கலப்பு, சாது. வாரம் ஆறு நாளும் தொட்டியில் தலையை விட்டால் பாதித் தொட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தொட்டிக்கு இரண்டு அடி தள்ளி நின்று, மூக்கை நீட்டி, நக்கிப் பார்த்து, துள்ளிப் பின்வாங்கும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொள்ளும். மாமனாருக்கு ஒரு நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் மோட்டாரைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் இருக்கிற வீட்டில் வாயில்லாச் சீவனுக்குக்கூடத் தெரியும் என்றார். கோயிலில் இருந்து ஒரு பாட்டில் தீர்த்தம் வாங்கி வந்து, ஜெபம் சொல்லி, தொட்டியைச் சுற்றி மண்ணில் நன்றாகத் தெளித்தார். அன்றைக்கு மாடு முன்னிலும் அதிகமாகத் துள்ளியது. ஈர மண்ணில் கரண்ட் நன்றாகப் பாயும் என்பது தீர்த்தத்துக்கும் பொருந்தும்.

மாட்டு டாக்டர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். அவர் கண் முன்னால் மாடு மடமடவென்று குடித்தது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் மருந்து யாருக்கு என்று சந்தேகம் இருந்தது. தாது உப்புப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, மாட்டைக் கழுவிவிட்டு, செருப்பில்லாத ஈரக் காலோடு தொட்டியில் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் சுரீர் என்று ஏறியது. கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தால் மோட்டார் ரூமுக்குள் மூன்று பல்பும் ஜெகஜ்ஜோதியாக எரிகின்றன. சற்று நேரத்தில் அவர்கள் பல்பை அணைத்தார்கள். மறுபடி கையை விட்டுப் பார்த்தேன். வெறும் தண்ணீர்.

டிப்ளமோ படித்து மார்க் அதிகம் வாங்கிய எனக்கு முன்னாலேயே இரண்டு மாதமாக அந்த மாடு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பல்பில் எரிகிற கரண்ட் பைப் வழியாகத் தரையில் இறங்குகிறது. தரையில் இறங்குகிற கரண்ட் லைனில் இருந்து வந்தே தீர வேண்டும். அப்படியானால் டாங் டெஸ்டர் ஏன் காட்டவில்லை?

பத்து மணிக்கு இரண்டு பேரும் இன்னும் கண்டன்சர் வாங்க தருமபுரி டவுனுக்குப் போனார்கள். நான் மோட்டார் ரூமுக்குப் போனேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு இரண்டு வயர் வருகிறது; ஊர் வித்தைப்படி இரண்டு ஃபேஸில்தான் ஓட்டுகிறார்கள். முதல் வயர் பெட்டிக்கு வெளியே வளைந்து தொங்கும். டாங்கின் வாய் சுலபமாக நுழையும். இரண்டாவது வயரைச் சுவரோடு ஒட்டிக் கிளிப் அடித்திருந்தார்கள். சுவருக்கும் வயருக்கும் நடுவே அரிசி நுழையாது. அதனால் ஏழு மாதமாக டாங்கை எந்த வயரில் போட முடிந்ததோ அதில் மட்டுமே போட்டிருக்கிறார்கள். கம்பெனியில் பேனல் போர்டைத் திறந்தால் மூன்று ஃபேஸையும் எழுதிவைக்காமல் மூடாத மனிதர் அவர். சொந்த வீட்டில் கைக்கு எட்டிய வயர் போதும் என்று விட்டுவிட்டார்.

மெயினை இறக்கி, கிளிப்பைக் கழற்றி, அந்த வயரைத் தளர்த்தி எடுத்து, மறுபடி மெயினைப் போட்டேன். மோட்டார் ஓடியது. டாங்கைப் போட்டேன். பல்பு இல்லாதபோது இதிலும் ஒன்றுக்குக் கீழே. பல்பு எரியும்போது மூன்றுக்கும் மேலே. பல்புக்குப் போகிற கரண்ட் பூராவும் இந்த வயரில் வந்து பைப் வழியாகத் தரையில் இறங்குகிறது, மீட்டெடுத்த கரண்ட் எதுவும் இல்லை. எங்கள் ஊர் மோட்டார் ரூம் லைட் எப்படி எரியுமோ அப்படித்தான் எரிகிறது, நடுவில் ஒரு பலகை நிறைய சாமான் வைத்து, சுற்றி வளைத்து. ஏழு மாத ஆராய்ச்சியில் என் வீட்டுக்காரர் குண்டு பல்பைக் கண்டுபிடித்திருக்கிறார்.

தனியாக நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது சொல்லியிருக்கலாம். பத்து வார்த்தை. நான் சொல்லவில்லை. வயரை மறுபடி கிளிப்பில் அமுக்கி வைத்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். சேலத்துக்காரர்கள் வருவதற்கு இன்னும் சரியாக ஒரு வாரம். அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பொம்மிடிக்காரரும் இருக்க வேண்டும். அவர் அப்போதும் "ஆமாங்க" என்று சொல்ல வேண்டும், இந்த முறை எனக்கு. பரீட்சைக்குப் படித்தவள் என்ன படித்தாள் என்று எல்லோரும் பார்க்கட்டும். அந்த வாரம் பால் கறக்கும்போதும் களை எடுக்கும்போதும் என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வெகு நாளைக்குப் பிறகு எனக்கு அவ்வளவு உற்சாகமாக இருந்தது. மாமனாரை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டியைத் தொடாதீர்கள், அதில் லேசாக ஷாக் அடிக்கிறது, அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எச்சரித்தேன். அந்த ஞாயிறு பூராவும் மாட்டை வீட்டு வாசலில் கட்டி வாளியில் தண்ணீர் காட்டியிருந்தேன். மனசாட்சி இருந்தது, மாட்டுக்கும் மாமனாருக்கும் சரியாகப் போய்விட்டது.

ஞாயிறு வந்தது. அன்றைக்கு நானும் பூசைக்குப் போகவில்லை. அவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் போய் அந்த இரண்டாவது வயரைக் கிளிப்பில் இருந்து எடுத்துத் தளர்த்தி வைத்தேன். விருந்தாளிகள் டாங்கைப் போட வசதியாக இருக்கட்டுமே.

சேலத்துக்காரர்கள் பதினோரு மணிக்கு வந்தார்கள். இரண்டு பேருமே ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், தன்மையான மனிதர்கள். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்று விளக்கினார். மோட்டார் ஓடியது, பல்பு எரிந்தது, டாங் ஒன்றுக்குக் கீழே காட்டியது. அவர்களில் பெரியவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்போது நான் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து தொட்டிக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன்.

"ஏன், மாட்டெ அப்பறம் ஓட்டிக்கலாமில்ல," என்றார் என் வீட்டுக்காரர்.

"தண்ணி குடிக்குதான்னு பாருங்க," என்றேன்.

மாடு என் பக்கம் நின்றது. மூக்கை நீட்டியது, துள்ளியது, பின்வாங்கியது. பல்பை அணைக்கச் சொன்னேன். அவர் எதற்கு என்று புரியாமல் அணைத்தார். மாடு வந்து குடித்தது. மறுபடி போடச் சொன்னேன். தலையை உதறிக்கொண்டு மாடு ஓடி வேப்ப மரத்தடியில் போய் நின்றது. பிறகு ஒத்திகை பார்த்ததை எல்லாம் சொன்னேன். எர்த் பைப், ஈர மண், தரையில் இறங்குகிற கரண்ட், சுவரோரத்து வயர். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. வைவா பரீட்சையில்கூட நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. அந்த இன்னொரு வயரில் டாங் போட்டுப் பாருங்க என்று முடித்தேன்.

பெரியவர் போட்டார். எண்ணைப் பார்த்தார். டாங்கை அப்படியே என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். பொம்மிடிக்காரர் மெதுவாக "ஆமாங்க" என்றார்.

நான் ஒரு வாரமாகக் காத்திருந்த நிமிடம் அது. அது எவ்வளவு நேரம் இனித்தது என்று கேட்டால், அவர் முகத்தைப் பார்க்கிற வரைக்கும். அவர் எண்ணைப் பார்க்கவில்லை. வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளிப்பில் இருந்து வெளியே எடுத்து, வளைத்து, டாங் போட வாகாகத் தொங்கவிடப்பட்டிருந்த வயரை.

சேலத்துக்காரர்கள் மரியாதையாகக் காபி குடித்தார்கள். ரீவைண்டிங் அருமையாக இருக்கிறது என்று பொம்மிடிக்காரரைப் பாராட்டினார்கள். இந்த மாதிரி நாங்களும் ஏமாந்திருக்கிறோம், அந்த எர்த்தை முதலில் கழற்றுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பொம்மிடிக்காரர் வரட்டுங்களா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டைப் பெட்டியில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் சொல்ல என்னிடம் பதினான்கு வருடத்துப் பதில்கள் தயாராக இருந்தன. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

இப்போதுதான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வயர் தளர்ந்து தொங்கும்போது எப்படிச் சொல்வது.

"போன ஞாயித்துக்கெழமெ."

அவர் தலையை ஆட்டினார். பெட்டியை மூடினார்.

"லெட்டரு புதங்கெழமெ குடுத்துட்டன்," என்றார். "இது நிச்சயம்னுதான் நெனச்சன். அப்பாகிட்ட இப்பச் சொல்லாத."

கொடுத்திருக்க மாட்டார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் வாக்குக் கொடுத்தாரே, அதை மீறியது அவர் தப்புத்தானே என்று அன்று பூராவும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தப்புத்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து வார்த்தை சொல்லியிருந்தால் புதன்கிழமை அந்தத் தப்பு நடந்தே இருக்காது. இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அந்த மூன்று நாள் அங்கேயே இருந்தது.

மறுநாள் அவர் கம்பெனிக்குப் போகவில்லை. ஒன்பது மணிக்குமேல் வாசலில் நின்று மேனேஜருக்குப் போன் போட்டார். அவருடைய போனில் காதுப் பக்கம் சரியாகக் கேட்காது, எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் சாணி அள்ளிய கையோடு பக்கத்தில் நின்றேன். லெட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். கேட்கும்போது பெர்மனன்ட் ஆவதற்கு முன்னால் இருந்த குரலில் கேட்டார். மேனேஜர் பேப்பரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், லெட்டர் சனிக்கிழமையே மேலே போய்விட்டது, இனி அந்த இடத்துக்குக் கான்ட்ராக்டில்தான் ஆள் எடுப்பார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"இவ்வளோ அவசரமா ஏங்க குடுத்தீங்க? வூட்டுல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்களா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"இல்லீங்க சார்," என்றார். "அவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க."